ஷாங்காயில் வீடு எடுக்கப் போகிறவர்களுக்கு: சாவி கொடுப்பவர் எல்லாம் வீட்டுக்காரர் இல்லை

வேலைக்காக ஷாங்காய் வரப்போகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "மாசம் எவ்வளவு ஆகும்?" என்றுதான். சாப்பாட்டையும் போக்குவரத்தையும் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். மெட்ரோவில் முதல் 6 கிலோமீட்டருக்கு 3 யுவான், அப்புறம் ஒவ்வொரு 10 கிலோமீட்டருக்கும் 1 யுவான் கூடும். காய்கறி, முட்டை, அரிசி கட்டுப்படியாகிற விலைதான். துவரம் பருப்பும் கறிவேப்பிலையும் வேண்டுமென்றால் கொஞ்சம் அழ வேண்டும், அவ்வளவே. இந்த ஊரில் காசு கரைவது வீட்டில். வாடகை அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும். வாடகையைச் சுற்றி நிற்கும் ஆட்கள் என்ன செய்வார்கள் என்பது வெளிநாட்டுக்காரர்களுக்குத் தெரிவதில்லை. எனக்கு நடந்ததை எழுதுகிறேன், பெயர்களை விட்டுவிடுகிறேன்.

வீடு புடோங்கில், ஜாங்ஜியாங் பக்கம். இரண்டாம் மெட்ரோ லைனில் ஜின்கெ ரோடு ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். ஒரு படுக்கையறை, வாடகை 5,800 யுவான். இங்கே வழக்கம், ஒரு மாத டெபாசிட், மூன்று மாத வாடகை முன்பணம். ஆக நான்கு மடங்கு, 23,200. ஏஜென்ட் கமிஷனாக ஒரு மாத வாடகையில் 35 சதவீதம், 2,030. சாவி கைக்கு வரும் முன்பே 25,230 யுவான். ஒரு யுவானுக்கு 12 ரூபாய் என்று கணக்குப் போட்டால் மூன்று லட்சம் ரூபாய். இதில் எதுவும் ஏமாற்று இல்லை. இங்கே எல்லோரும் கொடுப்பதுதான். முதல் சம்பளம் வருவதற்குள் இவ்வளவு பணம் கையில் வேண்டும் என்பதை மட்டும் வருகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் வீட்டின் உரிமையாளர் இல்லை. சீனர்கள் இவர்களை "எர் ஃபாங்தோங்" என்பார்கள். உரிமையாளரிடம் வீட்டை மொத்தமாக வாடகைக்கு எடுத்து, நம்மைப் போன்றவர்களுக்கு மேல்வாடகைக்கு விடுகிற ஆள். இது சட்டவிரோதம் இல்லை, உரிமையாளர் சம்மதித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சம்மதம் இருக்கிறதா என்று ஏஜென்ட் ஆபீஸிலேயே கேட்டேன். சொத்துச் சான்றிதழின் கலர் ஜெராக்ஸும், உரிமையாளர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதமும் மேஜைக்கு வந்தன. "நாங்கள் சரிபார்த்துவிட்டோம்" என்று ஏஜென்ட் பெண் வீசாட்டில் (இங்கே எல்லோரும் பயன்படுத்துகிற, வாட்ஸ்அப் மாதிரியான செயலி) எழுத்திலேயே கொடுத்தாள். அந்த ஒரு வரி பின்னால் கொஞ்சம் உதவியது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

குடியேறிய வாரமே அந்த எர் ஃபாங்தோங்கிடமிருந்து ஒரு சலுகை வந்தது: ஒரு வருட வாடகையை மொத்தமாகக் கட்டினால் மாதம் 5,200. நான் மறுத்துவிட்டேன். பக்கத்து பில்டிங்கில் அதே ஆளிடம் வீடு எடுத்திருந்த ஒரு பிரேசில்காரர் கட்டினார். அவருடைய கதை என்னுடையதைவிட மோசம்.

முதல் நச்சரிப்பு மின்சாரத்தில் ஆரம்பித்தது. ஷாங்காயில் வீட்டு மின்கட்டணம், முதல் படியில், பகலில் யூனிட்டுக்கு 0.617 யுவான், இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை 0.307. வருடத்துக்கு 3,120 யூனிட் வரை இந்த விலைதான். என்னிடம் வாங்கியது யூனிட்டுக்கு 1.5 யுவான், நேரம் காலம் எதுவும் இல்லாமல். ஷாங்காயில் குளிர் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்கு: வடக்கே பெய்ஜிங்கில் இருப்பது மாதிரி நகராட்சி வெப்பக்குழாய் இங்கே கிடையாது. ஜனவரியில் ஏசியை ஹீட்டராக ஓட்டித்தான் ஆக வேண்டும். அந்த மாதம் 400 யூனிட் ஓடியது. 600 யுவான் கேட்டார். முழுவதையும் பகல் விலையில் போட்டாலும் 247 யுவான்தான் வரும். மின் கணக்கு எண்ணைக் கொடுங்கள், நானே அலிபே என்கிற பணம் கட்டும் செயலியில் கட்டிக்கொள்கிறேன் என்றேன். "அது கம்பெனிக் கணக்கில் இருக்கிறது, முடியாது" என்றார். வீட்டு மீட்டருக்கு ஏது கம்பெனிக் கணக்கு?

அடுத்தது ஃபாபியாவ். அதாவது வரித்துறை அங்கீகரித்த ரசீது. வெளிநாட்டு ஊழியர்களின் வீட்டு வாடகையைக் கம்பெனி ரசீதின் பேரில் ஈடுகட்டினால் அந்தத் தொகைக்கு வருமான வரி கிடையாது. இந்தச் சலுகையை 2027 கடைசி வரை நீட்டித்திருக்கிறார்கள். அதனால் ஃபாபியாவ் இல்லையென்றால் என் கையிலிருந்து காசு போகும். ஒப்பந்தத்தில் "ஃபாபியாவ் தரப்படும்" என்று இருந்தது. கேட்டபோது மேலே 5 சதவீதம் கேட்டார். சரி என்று கொடுத்தேன். வந்த ரசீதில் ஏதோ ஒரு வர்த்தக நிறுவனத்தின் பெயர், சேவை என்ற இடத்தில் "ஆலோசனைக் கட்டணம்". எங்கள் கணக்குப் பிரிவு ஒரு நொடியில் தூக்கிப் போட்டுவிட்டது. தனிநபர் வீட்டு வாடகைக்கான ரசீதை வரி அலுவலகமே போட்டுத் தரும், உரிமையாளர் போய்க் கேட்டால் போதும். இவர் உரிமையாளராக இருந்தால்தானே போவார்.

இரண்டாவது மூன்று மாத வாடகையும் கட்டிய கொஞ்ச நாளில், ஒரு சனிக்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு அம்மா, கூட அவருடைய மகன், பூட்டு மாற்றுகிற ஆள் ஒருவர். அந்த அம்மாதான் நிஜ உரிமையாளர். எர் ஃபாங்தோங் இரண்டு மாதமாக அவருக்கு வாடகை கொடுக்கவில்லை, போனையும் எடுக்கவில்லை. அதிகாரக் கடிதத்தைக் காட்டினேன். மகன் படித்துப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கொடுத்தார். அது அவர் கையெழுத்தே இல்லை. அவர்கள் கொண்டுவந்த ஒப்பந்தத்தில், வேறு யாருக்கும் விடக் கூடாது என்று தெளிவாக எழுதியிருந்தது.

இந்த வியாபாரம் எப்படி ஓடுகிறது என்று அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. உரிமையாளருக்கு மாதா மாதம் கொடுப்பார், நம்மிடம் மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று மொத்தமாக வாங்குவார். நடுவில் கையில் தங்கும் பணத்தை வைத்து அடுத்த வீட்டை எடுப்பார். புது ஆட்கள் வந்துகொண்டே இருக்கும்வரை ஓடும். பெரிய அளவிலும் இதே நடந்திருக்கிறது: நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலான டான்கே என்ற வாடகை வீட்டு நிறுவனம் 2020 கடைசியில் தடுமாறியபோது, வாடகையை முன்கூட்டியே கட்டிய இளைஞர்கள் பல நகரங்களில் தெருவுக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு 2021-இல், வாடகை நிறுவனங்கள் ஒரே தடவையில் மூன்று மாதத்துக்கு மேல் வாடகை வாங்கக் கூடாது என்பதைப் பொது விதியாக அரசு கொண்டுவந்தது. ஒரு வருடத்துக்குக் கட்டினால் தள்ளுபடி என்று யாராவது சொன்னால் அந்தத் தள்ளுபடி எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன். 2021 முதல் நடப்பில் இருக்கும் சிவில் சட்டத் தொகுப்பில் 716-ஆம் பிரிவு: உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் மேல்வாடகைக்கு விட்டால், அவர் மூல ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். 718: மேல்வாடகை விஷயம் தெரிந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையிலும், ஆறு மாதத்துக்குள் உரிமையாளர் ஆட்சேபிக்கவில்லை என்றால் சம்மதித்ததாகவே ஆகும். இந்த இரண்டாவதை எல்லோரும் நினைவில் வையுங்கள். உரிமையாளர் குழாய் பார்க்கவோ வேறு எதற்கோ வந்து உங்களைப் பார்த்திருந்தால், அந்தத் தேதிக்கு ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள். என் விஷயத்தில் ஆறு மாதம் ஆகியிருக்கவில்லை.

குடியிருப்புக் கமிட்டியில் ஒரு அக்கா நடுவில் உட்கார்ந்து பேசினார். அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, அவரும் ஏமாந்தவர்தான். மாத முடிவு வரை தங்க விட்டார். என் பொருட்களில் கை வைக்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் முதலில் "இது ஒப்பந்தத் தகராறு, கோர்ட்டுக்குப் போங்கள்" என்றார்கள். போலிக் கையெழுத்தைக் காட்டிய பிறகுதான் புகாராக எழுதிக்கொண்டார்கள். ஏஜென்ட் ஆபீஸ் "நாங்கள் அறிமுகம் மட்டும்தான் செய்தோம்" என்று கையை விரித்தது. 12345 என்கிற அரசுப் புகார் எண்ணுக்குப் புகார் போட்டேன், வீசாட்டில் இருந்த அந்த ஒரு வரியையும் இணைத்தேன். கமிஷனில் பாதி திரும்பி வந்தது. டெபாசிட் 5,800, இருக்காத இரண்டு மாத வாடகை 11,600, ஆக 17,400 யுவான் இன்னும் வரவில்லை. மின்சாரத்திலும் ஃபாபியாவிலும் போனது தனி.

வெளிநாட்டுக்காரர்களை இவர்கள் ஏன் தேடிப் பிடிக்கிறார்கள் என்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. ஹோட்டலில் தங்காத வெளிநாட்டவர், குடிபோன 24 மணி நேரத்துக்குள் போலீஸில் இருப்பிடத்தைப் பதிவு செய்ய வேண்டும். தவறினால் 2,000 யுவான் வரை அபராதம் போடலாம். வேலை விசாவில் வந்தவர் நாட்டுக்குள் நுழைந்த 30 நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கும் விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே நமக்கு அவசரம். அந்த அவசரம் அவர்களுக்குத் தெரியும். ஷாங்காயில் இருப்பிடப் பதிவை இணையத்திலேயே செய்யலாம், எனக்கும் சீட்டு வந்தது. அந்தச் சீட்டு நீங்கள் எங்கே தங்குகிறீர்கள் என்று சொல்லும், வீடு யாருடையது என்று சொல்லாது. ஆகவே முதல் சில நாட்கள் ஹோட்டலிலேயே இருங்கள். பதிவை அவர்களே செய்துவிடுவார்கள், நிதானமாக வீடு பார்க்கலாம். அந்த ஹோட்டல் செலவு, 25,230 யுவானுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

இப்போது நான் வேறு வீட்டில் இருக்கிறேன். இந்தத் தடவை உரிமையாளரையே நேரில் வரச் சொன்னேன். சிவப்பு அட்டைச் சான்றிதழின் ஒரிஜினல், அவருடைய அடையாள அட்டை, பணம் போகும் வங்கிக் கணக்கு, மூன்றிலும் ஒரே பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் காசு போனது. மின் கணக்கு எண்ணை ஒப்பந்தத்திலேயே எழுத வைத்தேன். முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் செய்தார். வாடகை 6,100, முன்னைவிட 300 அதிகம். மின்சாரத்தில் மிச்சமாவதே குளிர்காலத்தில் அதைச் சரிக்கட்டிவிடுகிறது.

பழைய ஆள் நிற்கவில்லை. ஜாங்ஜியாங், டாங்ஜென் பக்கத்து வீடுகளை வெளிநாட்டவர் வீசாட் குழுக்களில் வேறு பெயரில் போட்டுக்கொண்டிருக்கிறார். ஆங்கிலம் நன்றாக எழுதுவார், உடனுக்குடன் பதில் போடுவார், வருடத்துக்குக் கட்டினால் குறைப்பதாகச் சொல்வார், பணத்தை மனைவி கணக்குக்கு அனுப்பச் சொல்வார். அந்தப் பக்கம் இப்படி யாரிடமாவது பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், முன்பணம் அனுப்புவதற்கு முன்னால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். கணக்கில் இருக்கும் பெயரை ஒத்துப் பார்த்துச் சொல்கிறேன்.