சிட்டிலிங்கியிலிருந்து வந்த தோள்பை

ஓராண்டாக நாள்தோறும் கல்லூரிக்கு எடுத்துச் செல்லும் தோள்பை ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். தருமபுரி மாவட்டத்தில் அரூரைத் தாண்டி, சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடையிலுள்ள சிட்டிலிங்கியில், லம்பாடி (பஞ்சாரா) சமூகப் பெண்களின் ‘பொர்கை’ அமைப்பு தைத்த பை இது.

கருநீலப் பருத்தித் துணியின் முகப்பில் சிவப்பும் மஞ்சளுமாகச் சதுரங்கள். நடுவே விரல்நகம் அளவில் ஒரு கண்ணாடி. அதைச் சுற்றி நெருக்கமாகப் போட்ட தையல்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தையலின் தரத்தைத் துணியின் பின்புறத்தில் பார்க்க வேண்டும் என்பார் என் தாயார். திருப்பிப் பார்த்தேன், தொங்கும் நூல் ஒன்றுகூட இல்லை. விடைத்தாள் கட்டுகளைச் சுமந்தும் தோள்பட்டி இன்றுவரை தளரவில்லை.

இந்தத் தையலுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993இல் இப்பள்ளத்தாக்கில் குடிசையொன்றில் மருத்துவப் பணியைத் தொடங்கி, உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே செவிலியராகப் பயிற்றுவித்தனர். லம்பாடியர் மரபு உடையைக் கைவிட்டதால் அவர்களின் பூத்தையல் மூதாட்டியர் சிலரின் கைகளில் மட்டுமே எஞ்சியிருந்தது. லலிதாவின் ஊக்கத்தால் இளைய பெண்கள் அதை அவர்களிடம் கற்க, 2006இல் பொர்கை உருவானது. லம்பாடி மொழியில் அச்சொல்லுக்குப் ‘பெருமை’ என்று பொருள். பிழைப்புக்காகத் திருப்பூருக்குச் செல்வோர் நிறைந்த பகுதியில், ஊரிலேயே இருந்து சம்பாதிக்க அந்தக் கைத்திறன் வழி திறந்தது.

“எனக்கு என்ன வரும் என்றே தெரியவில்லை, மேடம்” என்று வரும் மாணவியரிடம் நான் பல ஆண்டுகளாகப் போட்டித்தேர்வுகளின் பட்டியலைத்தான் நீட்டிவந்தேன். சிட்டிலிங்கியிலோ, வெளியிலிருந்து வந்தவர் அங்கிருப்பவரின் கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்திருக்கிறார். அது எனக்கு உறைத்தது. இப்போது “உங்கள் வீட்டில் யாருக்கு எது கைவந்த கலை?” என்று கேட்டுத் தொடங்குகிறேன். சென்ற மாதம் இந்தப் பையின் கண்ணாடியைத் தடவிப் பார்த்த மாணவி, தன் பாட்டி கூடை முடைவதைப் பற்றி அரைமணி நேரம் பேசினாள். அதற்கு முன் அவள் என்னிடம் முழுதாகப் பத்துச் சொற்கள் பேசியதில்லை.

வாங்க விரும்புவோர் கவனிக்க: கைத்தையல் என்பதால் இரண்டு பைகள் அச்சுப்போல ஒன்றாக இருக்கமாட்டா. குளிர்ந்த நீரில் தனியே அலசி நிழலில் உலர்த்துங்கள். கண்ணாடி உள்ள இடத்தை முறுக்கிப் பிழிய வேண்டாம்.