‘எல்லாத்துக்கும் பிடிக்கும்’ என்று விற்கப்படும் ஸ்டாம்ப் மை: மலையில் பேக்கிங் செய்பவர்கள் கவனத்துக்கு

குன்னூரில் வீட்டோடு சேர்த்து ஒரு சின்ன பேக்கிங் யூனிட் நடத்துகிறோம். தேயிலைத் தூளும் நீலகிரித் தைலமும்தான் சரக்கு. பேக்கிங் தேதி, பேட்ச் நம்பர், எம்.ஆர்.பி. எல்லாவற்றையும் கையால் ஸ்டாம்ப் குத்துகிறோம். மெஷின் வாங்கும் அளவுக்கு வியாபாரம் இன்னும் வரவில்லை. நம் பக்கம் இப்படி நிறைய பேர் இருப்பதால்தான் எழுதுகிறேன்.

கீழே சமவெளியில், ரப்பர் ஸ்டாம்ப் செய்து தரும் ஒரு பெரிய கடையில் மை வாங்கினோம். ஊரும் பெயரும் வேண்டாம். லேமினேட் பவுச், தைல பாட்டில், துணிப்பை மூன்றையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டித்தான் கேட்டேன். கடைக்காரர் அவற்றைத் தொடக்கூட இல்லை. “அக்கா, இந்த ஒண்ணே போதுங்க. பேப்பர், பிளாஸ்டிக், கண்ணாடி, துணி, எல்லாத்துக்கும் பிடிக்கும்” என்று ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார். பில் புத்தகத்தின் அட்டையில் ஒரு குத்து குத்தி, “பாருங்க, உடனே காஞ்சிருச்சு” என்றார். அட்டையில் எந்த மைதான் காயாது? பவுச்சில் குத்திக் காட்டுங்கள் என்றதற்கு, “பாக்கெட் வீணாயிடுங்க, தைரியமா எடுத்துட்டுப் போங்க” என்று பேச்சை முடித்துவிட்டார். விலை சாதாரண மையைப் போல நாலு மடங்கு. அதே மையை ஊற்றிக்கொள்ளலாம் என்று உள்ளேயே மை பேட் வைத்த ஒரு செல்ஃப் இங்க் தேதி ஸ்டாம்பையும் கட்டிக்கொடுத்தார்.

ஐப்பசி மழையில், அந்த மையால் குத்திய சரக்கு கீழே இறங்கியது. சில நாளில் கோயம்புத்தூர் கடைக்காரரிடமிருந்து போன்: “ஏனுங்க அக்கா, பாக்கெட்ல தேதியே இல்லீங்களே, நீலமா அப்பிக் கெடக்குது.” பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. தேதியும் விலையும் படிக்க முடியாத பாக்கெட்டை அலமாரியில் வைத்தால், எடையளவுத் துறையும் உணவுப் பாதுகாப்புத் துறையும் முதலில் அவரைத்தான் பிடிக்கும்.

பிறகு பாட்டிலை நன்றாகப் பார்த்தோம். ‘ஆல் சர்ஃபேஸ்’ என்ற ஸ்டிக்கரைச் சுரண்டினால் அடியில் இன்னொரு லேபிள். வெறும் ஸ்டாம்ப் பேட் இங்க்.

சாதாரண ஸ்டாம்ப் பேட் மையில் தண்ணீர், சாயம், கூடவே கிளிசரின் அல்லது கிளைகால் இருக்கும். பேட் சீக்கிரம் காயாமல் இருக்கத்தான் அந்தக் கிளிசரின். காகிதம் மையை உறிஞ்சிக்கொள்வதால் காய்ந்ததுபோல இருக்கிறது, அவ்வளவுதான். பவுச் எதையும் உறிஞ்சாது. மை அதன்மேல் கண்ணாடியில் விழுந்த மழைத்துளி மாதிரி திரண்டு நிற்கும். கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழையும் மேகமும் சேர்ந்து உட்காரும் குன்னூர், கோத்தகிரி பக்கம் அது எப்போது காய்வது?

பிளாஸ்டிக், டின், கண்ணாடிக்கு வேண்டியது சால்வென்ட் மை. ஆல்கஹால், கீட்டோன் போன்ற திரவங்கள் ஆவியாகிப் போக, அதிலுள்ள பிசின் சாயத்தைப் பரப்போடு ஒட்டவைக்கும். மூடியைத் திறந்ததும் ஸ்பிரிட் நெடி மூக்கில் ஏறும். நான் வாங்கியதில் அந்த வாடையே இல்லை. எல்லா சால்வென்ட் மையும் எல்லா பிளாஸ்டிக்கிலும் நிற்காது. பாலித்தீன் பை மையைப் பிடிக்க ரொம்பவே அடம்பிடிக்கும். அதனால் உங்கள் பவுச்சிலேயே குத்தி, ஒரு நிமிடம் விட்டு, விரலால் தேய்த்து, செல்லோடேப் ஒட்டிப் பிய்த்துப் பார்த்து வாங்குங்கள். “எதுமேல குத்தப் போறீங்க?” என்று கேட்காமல் மையை நீட்டும் கடையில் வாங்கவே வேண்டாம்.

சால்வென்ட் மையை செல்ஃப் இங்க் ஸ்டாம்பில் ஊற்றவும் கூடாது. உள்ளே இருக்கும் பேட் காய்ந்து விறைத்துப்போகும். சில ஸ்டாம்ப்களின் எழுத்தே உப்பிவிடும். மரப்பிடி போட்ட ரப்பர் ஸ்டாம்பும், அவ்வப்போது மை விட்டு உடனே மூடும் தனிப் பேடும்தான் சரி. ஆக, மைக் கடைக்காரர் கொடுத்தது உண்மையான பிளாஸ்டிக் மையாகவே இருந்திருந்தாலும், அவர் விற்ற தேதி ஸ்டாம்ப் பாழாகியிருக்கும்!

தேயிலைக்காரர்களுக்கு மட்டும் இது: தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். காலிப் பவுச்சில் வேறு அறையில் குத்தி, நெடி போகும்வரை காற்றாட விட்டு, அப்புறம் தூளை நிரப்புங்கள். குளிருக்கு ஹீட்டர் போடும் அறையில் இந்த மையை வைக்கவே வேண்டாம், சட்டென்று தீப்பிடிக்கும்.

தைல பாட்டில் கதை வேறு. நீலகிரித் தைலமே ஒரு கரைப்பான். ஸ்டிக்கர் பசையைத் துடைக்க நாமே அதைத்தானே எடுக்கிறோம்? மூடியோரம் ஒரு சொட்டுக் கசிந்தாலும் மை கரைந்துவிடும். இப்போது காகித லேபிளில் குத்தி, மேலே நிறமில்லாத செல்லோடேப் ஒட்டுகிறோம். துணிப்பைக்குத் துணி மை என்றே தனியாகக் கிடைக்கிறது. பலவற்றில் காய்ந்தபின் இஸ்திரி போட்டால்தான் துவைத்தாலும் நிற்கும்.

மை வாங்கிய கடைக்குத் திரும்பப் போனபோது, “விற்ற பொருள் வாபஸ் இல்லை” என்ற பலகையைக் காட்டினார். “வியாபாரத்துக்கு வாங்கினது, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கெல்லாம் போக முடியாதுங்க” என்று வேறு சொன்னார். இரண்டும் தவறு. பில்லில் வேறு கெடு போடாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப வாங்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிய பொருளுக்கும் நுகர்வோராகப் புகார் செய்யலாம். 1915 என்ற தேசிய உதவி எண்ணில் சொல்லியிருக்கிறேன். கையில் பில் இருந்ததால் சுலபமாக இருந்தது. துண்டுச் சீட்டு கொடுத்தால் விடாதீர்கள், பில் கேளுங்கள்.

ஏற்கெனவே அந்த மாதிரி பாட்டில் வாங்கியவர்கள் புகார் முடியும்வரை அதைப் பத்திரமாக வையுங்கள், ஸ்டிக்கர் கிழியாமல். அதன்பின் அட்டைப்பெட்டிக்கும் பில்லுக்கும் நன்றாகவே பயன்படும். பவுச்சுக்கு நல்ல மை கிடைக்கும்வரை, தேதியைக் காகித லேபிளில் குத்தி ஒட்டிவிடுங்கள். வேலை கூடுதல்தான், ஆனால் சரக்கு திரும்பி வராது.