பழங்காசுப் பதிவு: பென்சில் படியா, கைபேசிப் படமா?

கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைக்கும் சேரர் செப்புக்காசுகளைப் பதிய இரண்டு வழிகள் உண்டு. மெல்லிய தாளை மேலே வைத்து 2பி பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் உருவம் அசல் அளவிலேயே விழும், நிறம் வராது. களிம்பேறி உதிரும் காசில் இதைச் செய்யவே கூடாது, அழுத்தத்தில் எழுத்தே பெயர்ந்துவிடும்.

அந்தக் காசுக்குப் படம்தான். ஃபிளாஷை அணைத்துவிட்டு, இடது மேல்புறமிருந்து தாழ்வாக ஒரே விளக்கு, பக்கத்தில் மில்லிமீட்டர் அளவுகோல், இரு பக்கமும் எடுங்கள். வெளிச்சம் கீழ்ப்புறமிருந்து வந்தால் புடைப்பு பள்ளமாகத் தெரியும். காசிலுள்ள சேரர் சின்னமான வில்லும் அம்பும் குழப்பும்.

எந்த வழியானாலும் எடை (0.01 கிராம் வரை), நீள அகலம், கிடைத்த இடம் எழுதாவிட்டால் பாதிப் பதிவுதான். புளி போட்டு மட்டும் துலக்காதீர்கள்! மண்ணில் கிடைத்த புதையல் 10 ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால், 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.