தண்டையார்பேட்டையிலிருந்து ஜவ்வாது மலைக்கு: ஒரு மலைச் சைக்கிள் பயணச் சேவை பற்றிய மதிப்பீடு

தண்டையார்பேட்டையில் பழுதுபார்க்கும் கடையாகத் தொடங்கி, இப்போது மலைச் சைக்கிள்களை வாடகைக்கு விடுவதோடு ஜவ்வாது மலைக்கு இரு நாள் பயணங்களையும் நடத்திவரும் ஒரு சைக்கிள் கடையின் சேவையைப் பற்றியது இந்த மதிப்பீடு. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவர்கள் தரும் சைக்கிள் கொடுக்கும் பணத்துக்குத் தகும், அவர்கள் தரும் வழித்தாள் தகாது. மலைக்குப் போகிறவர் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதற்கு முன்பு எத்தனை மீட்டர் ஏற்றம், அதில் எவ்வளவு தார்ச்சாலை, எவ்வளவு மண்சாலை என்று கேட்டாக வேண்டும். சைக்கிளைத் தயார்செய்து கொடுக்கும் மெக்கானிக் இதை நன்றாக அறிந்திருக்கிறார். பயணத்தைத் திட்டமிடுபவர்கள் அறிந்திருப்பதாகத் தெரியவில்லை.

வட சென்னையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. கன்டெய்னர் லாரிகளின் வரிசை நீள்வதற்கு முன்பே எழுந்து, காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரமாகப் போய்த் திரும்புபவர்களுக்கு நீண்ட தூரம் ஓட்டுவது பழகிப்போனதுதான். ஆனால் அந்த வழி முழுவதிலும் ஏற்றம் என்று சொல்ல ஏதுமில்லை. ஏற்றம் வேண்டுமென்றால் மூலக்கடை மேம்பாலத்துக்கோ பெரம்பூர் மேம்பாலத்துக்கோ போக வேண்டும், அவையும் ஏழெட்டு மீட்டர் உயர்ந்து முடிந்துவிடும். ஜவ்வாது மலையில் முதல் நாள் முடிவில் என் சைக்கிள் கணினி காட்டிய மொத்த ஏற்றம் 900 மீட்டரை நெருங்கியது. மேம்பாலக் கணக்கில் இது நூறு பாலங்களுக்கு மேல். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று கொண்டால், அவ்வளவு எடையை அந்த உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும் உடல் ஏறக்குறைய 750 கிலோ கலோரியைச் செலவிட வேண்டும். காற்றையும் சாலையின் உராய்வையும் எதிர்த்து ஓட்டுவது இதற்கு மேல். சைக்கிளைக் கையில் கொடுக்கும்போது கடையின் பெரியவர், "பாலம் ஏறுனதெல்லாம் கணக்குல வராது தம்பி, அங்க கியருதான் பேசும்" என்று சொன்னார். வழித்தாளில் இருந்திருக்க வேண்டிய செய்தி அந்த ஒரே வாக்கியத்தில் இருந்தது.

கடையில் இரண்டு வகைச் சைக்கிள்கள் உள்ளன. முன்பக்கம் மூன்று பல்சக்கரங்களும் 26 அங்குலச் சக்கரங்களும் கொண்ட பழைய வகை ஒன்று. முன்பக்கம் ஒரே பல்சக்கரமும் பின்பக்கம் பன்னிரண்டும் 29 அங்குலச் சக்கரங்களும் கொண்ட புதிய வகை மற்றொன்று. புதியதற்கு வாடகை கூடுதல். அது மலையேறச் சுலபம் என்பதால்தான் கூடுதல் என்று கடையில் விளக்குகிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. புதிய சைக்கிளின் மிக இலகுவான கியரில் முன்பக்கம் 32 பற்கள், பின்பக்கம் 51. பெடலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் சைக்கிள் சுமார் 1.44 மீட்டர் நகரும். பழையதில் முன்பக்கச் சிறு சக்கரம் 22 பற்கள், பின்பக்கப் பெரிய சக்கரம் 32. சக்கரமும் சிறியது என்பதால் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.42 மீட்டர். ஏறும்போது கால் உணரும் பளு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றேதான். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் இரண்டுமே மணிக்கு ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான வேகத்தில் நிமிர்ந்த ஏற்றத்தைக் கடந்துவிடும். நடப்பதற்கு ஒப்பான வேகம்தான். ஆனாலும் இறங்கித் தள்ளுவதைவிட மேல்.

புதிய சைக்கிளுக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேறு நியாயங்கள் இருக்கின்றன. மண்சாலையில் திடீரென்று ஏற்றம் வரும்போது முன்பக்கச் செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற நேரமிருப்பதில்லை, பளுவோடு மாற்றினால் செயின் நழுவிவிடும். ஒரே பல்சக்கரம் என்றால் அந்தத் தொல்லை இல்லை. பெரிய சக்கரம் கல்லையும் வேரையும் எளிதாக உருண்டு கடக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, புதியவற்றில் திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கும் பழையவற்றில் கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக்கும் உள்ளன. நீண்ட இறக்கத்தில் இரண்டு விரல்களால் பிடித்து நிறுத்த முடிவதற்கும், முழுக் கையாலும் இறுக்கிப் பிடித்து முன்கை மரத்துப்போவதற்கும் உள்ள வித்தியாசம் அது.

பராமரிப்பைப் பற்றி நிறைவாகவே சொல்ல வேண்டும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கடையில் உப்புக்காற்று எந்த இரும்பையும் விட்டுவைப்பதில்லை. செயின், ஸ்போக்கின் முனைகள், டிஸ்கின் திருகுகள், சீட் கம்பி என்று ஒவ்வொன்றாக அரித்துவிடும். எனக்குக் கொடுத்த சைக்கிளில் செயின் புதிது, சீட் கம்பியில் கிரீஸ் இருந்தது, ஸ்போக்குகளைத் தட்டிப் பார்த்தால் ஒரே சீரான ஒலி வந்தது. முன் ஃபோர்க்கின் சஸ்பென்ஷனில் என் எடையைக் கேட்டுக் காற்றழுத்தத்தைக் குறைத்தும் கூட்டியும் சரிசெய்தார்கள். பிரேக் பேடுகளை நான் கேட்காமலேயே கழற்றிக் காட்டினார்கள். பெரிய கடைகளில் பல மடங்கு விலை கொடுத்து வாங்குபவர்களுக்குக்கூட இந்தக் கவனிப்பு எப்போதும் கிடைப்பதில்லை.

டயர்களில் மட்டும் எனக்குக் குறை உண்டு. எல்லாச் சைக்கிள்களிலும் டியூப் போட்ட டயர்களே. ஆலங்காயத்துக்கு முன்பான சமவெளிப் பகுதியில் வேலிகாத்தான் முள் சாலையோரமெங்கும் கிடக்கிறது. மலையேறத் தொடங்குவதற்கு முன்பே குழுவில் சிலருக்குப் பஞ்சர் ஆகிவிட்டது. டியூப் இல்லாமல், உள்ளே அடைப்புத் திரவம் ஊற்றிய டயராக இருந்திருந்தால் இந்த முட்களில் பெரும்பாலானவை நின்று பார்க்கும் அளவுக்குக்கூட ஒரு பொருட்டாக இருந்திருக்காது. மண்சாலையில் பிடிமானம் கிடைக்க அழுத்தத்தைக் குறைக்கவும் டியூப் தயங்க வைக்கிறது: 30 பிஎஸ்ஐக்குக் கீழே போனால், கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே நசுங்கி இரண்டு ஓட்டைகள் விழும். தார்ச்சாலையில் 45, மண்சாலையில் 32 என்று மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். சரியான ஆலோசனைதான். ஆனால் குழு முழுவதற்கும் ஒரே ஒரு பம்பு மட்டும் வைத்துக்கொண்டு இதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

இனி வழித்தாள். வெள்ளிக்கிழமை இரவு சைக்கிள்களைச் சரக்கு வண்டியிலும் ஆட்களை வேனிலும் ஏற்றிக்கொண்டு, பெங்களூரு நெடுஞ்சாலையில் சுமார் 200 கிலோமீட்டர் போய், விடியற்காலையில் வாணியம்பாடியில் இறக்கிவிடுகிறார்கள். அங்கிருந்து ஆலங்காயம், காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் வரை முதல் நாள். ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு இறங்குவது இரண்டாம் நாள். வழித்தாளில் ஊர்ப் பெயர்களும் கிலோமீட்டர்களும் மட்டுமே இருந்தன. வாணியம்பாடியே கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது, காவலூர் சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரண்டையும் கழித்துப் பார்த்து நானூறு மீட்டர்தானே என்று எண்ணினாலும் அது பாதி உண்மைதான். ஏனென்றால் மலைமேல் சாலை சமமாக ஓடுவதில்லை, ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி மறுபடி ஏறுகிறது. காவலூரைத் தொட்டுவிட்டால் சிரமம் முடிந்தது என்று நினைத்துத் தண்ணீரையும் தின்பண்டங்களையும் தீர்த்துவிட்டவர்கள் அதற்கப்புறம்தான் திணறினார்கள். மொத்த ஏற்றத்தை ஒரே ஒரு எண்ணாக வழித்தாளில் அச்சிட்டிருந்தால் இது நேர்ந்திருக்காது.

ஆலங்காயத்தைக் கடந்து காடு நெருங்கும் இடத்தில் தொடங்கும் தார்ச்சாலை ஏற்றம் மிக நன்றாக இருக்கிறது. சாய்வு ஒரே சீராக இருப்பதால் மூச்சை ஒரு தாளத்தில் வைத்துக்கொண்டு, வளைவுகளின் வெளிவிளிம்பைப் பிடித்து ஏறலாம். உள்விளிம்பில் சாய்வு செங்குத்தாகிவிடும். மூத்த வழிகாட்டி முன்னால் போகாமல் கடைசி ஆளோடு வந்ததைக் குறிப்பிட வேண்டும். இப்படிப்பட்ட பயணங்களில் அது அரிது.

காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986-இல் திறக்கப்பட்ட அதன் 2.34 மீட்டர் தொலைநோக்கி நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்டது. யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதை 1977-இல் பதிவுசெய்த இடங்களில் காவலூரும் ஒன்று. அந்த வாசலுக்குப் பக்கத்தில் வாழைப்பழம் கொடுப்பதற்காக நிறுத்தினார்கள், ஆனால் அது என்ன இடம் என்று ஒருவரும் சொல்லவில்லை. சைக்கிள் ஓட்டத்தான் வந்தோம் என்பது உண்மை. என்றாலும் இவ்வளவு தூரம் அழைத்து வந்தவர்கள் இரண்டு வாக்கியம் சொல்லியிருக்கலாம்.

மண்சாலைப் பகுதி காவலூருக்கு அப்பால், மலைக் கிராமங்களை இணைக்கும் பாதைகளில் வருகிறது. காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியில்லாமல் போகக்கூடாது என்பதால் கிராமப் பாதைகளை மட்டுமே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். குறுக்குவழி ஆசையில் காட்டுக்குள் நுழையும் சில குழுக்களைப் பார்த்த எனக்கு இது மனநிறைவைத் தந்தது. சாமை விளையும் வயல்களுக்கும் பலா மரங்களுக்கும் இடையே செம்மண்ணில் போகும் இந்தப் பாதையில்தான் பெரியவர் சொன்னபடி கியர் பேசத் தொடங்குகிறது. தார்ச்சாலையில் எழுந்து நின்று மிதித்துச் சமாளிக்கும் ஏற்றத்தை இங்கே அப்படி ஏற முடியாது. எழுந்து நின்றால் எடை முன்னால் போய்ப் பின்சக்கரம் சரளையில் வழுக்கும். அதற்காகப் பின்னால் சாய்ந்தால் முன்சக்கரம் மண்ணைவிட்டுத் தூக்கிக்கொள்ளும். சீட்டின் முன்முனையில் உட்கார்ந்து, மார்பை ஹேண்டில்பாரை நோக்கித் தாழ்த்தி, இலகுவான கியரில் விடாமல் சுற்றுவதே வழி. இதைக் கிளம்புவதற்கு முன்பே, வாணியம்பாடியில் அரைமணி நேரம் செலவிட்டுச் சொல்லிக் கொடுத்திருந்தால் பாதிப் பேர் இறங்கித் தள்ள வேண்டியிருந்திருக்காது. அங்கே சொல்லிக் கொடுத்ததெல்லாம் புகைப்படத்துக்கு எப்படி நிற்பது என்பதைத்தான்.

இந்தப் பகுதியில் உதவி வண்டி நம்முடன் வருவதில்லை, தார்ச்சாலை வழியே சுற்றிப்போய் மறுமுனையில் காத்திருக்கிறது. கடைகள் இல்லை, பல இடங்களில் செல்பேசிக்குச் சமிக்ஞையும் இல்லை. ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் என்பது நம் ஊர் வெயிலுக்குப் பழகியவர்களுக்கும் போதாது. மூன்று லிட்டராவது எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும்.

ஜமுனாமரத்தூரில் தங்குமிடம் எளிமையானது, சுத்தமானது. இரவுச் சாப்பாட்டில் சாமைச் சோறு கிடைத்தது. அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாம் நாளின் இறக்கத்தைப் பலரும் ஓய்வு நாளாக நினைத்துக்கொள்கிறார்கள். போளூரை நோக்கி வளைந்து வளைந்து இறங்கும் அந்தச் சாலையில், தொடர்ந்து பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் டிஸ்க் கொதிக்கும். பிசின் கலவையால் ஆன ரெசின் பிரேக் பேடுகள் அளவுக்கு மீறிச் சூடானால் மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளத்துப் பிடிமானத்தை இழந்துவிடும். வளைவுக்கு முன்பு நேர்ச்சாலையிலேயே அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிட்டு வர வேண்டும். எனக்குக் கிடைத்த சைக்கிளின் பிரேக் கீழே இறங்கும் வரை ஒருமுறைகூடத் தளரவில்லை. பழைய வகைச் சைக்கிளில் வந்த ஒருவர் வழியில் இருமுறை நின்று கேபிளை முறுக்க வேண்டியிருந்தது. வாடகை வித்தியாசம் எதற்கு என்பதற்கு இதைவிட நல்ல பதிலைக் கடையால் சொல்ல முடியாது, ஆனால் அவர்கள் ஏனோ கியரைக் காட்டித்தான் விற்கிறார்கள்.

புதிய வகைச் சைக்கிள், போக்குவரத்து, ஓர் இரவுத் தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து நான் கொடுத்தது 6,500 ரூபாய். பழைய வகை என்றால் ஆயிரம் ரூபாய் குறைவு. ஹெல்மெட் அதில் அடக்கம், கையுறை இல்லை. சைக்கிளை மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, வழியை நீங்களே வரைபடத்தில் ஏற்றத்தோடு குறித்துக்கொண்டு, நண்பர்களோடு போவதே என் பரிந்துரை. மெக்கானிக்கின் உழைப்புக்கு உரிய பணம் அதிலேயே போய்ச் சேர்ந்துவிடும். சேர்ந்து போக யாருமில்லாதவர்கள் குழுவோடு போகலாம், வழிகாட்டிகள் பொறுப்பானவர்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் செம்மண் டயரில் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும் என்பதால் ஜனவரி, பிப்ரவரி மாதங்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது. முன்பணம் கட்டும்போதே உங்கள் உயரத்தைச் சொல்லிச் சைக்கிளின் அளவைப் பதிவுசெய்துகொள்ளுங்கள். புதிய வகையில் பெரிய அளவுச் சைக்கிள்கள் கடையில் குறைவாகவே இருக்கின்றன, உயரமானவர்களுக்குக் கடைசி நேரத்தில் பழையதுதான் மிஞ்சும்.