செகண்ட் ஹேண்ட் பேட்டரி பைக்: வாங்கி எட்டு மாதம் ஓட்டியதில்

நான் பார்ப்பது வீட்டுக் காவல் வேலை. சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற ஐந்து குடும்பங்களின் வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது. கோட்டையூரில் ஒன்று, பள்ளத்தூரில் இரண்டு, கானாடுகாத்தானில் இரண்டு. வாரத்தில் ஆறு நாள் போய்க் கதவைத் திறந்து காற்றாட விட்டு, உள்முற்றத்து வளவைக் கூட்டி, ஓடு விலகியிருக்கிறதா, கரையான் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பூட்டி வருவேன். சாவிக்கொத்தே இரண்டு கிலோ தேறும். காரைக்குடியில் கிளம்பி ஒரு சுற்று வந்தால் 38 கி.மீ. பழைய பெட்ரோல் வண்டிக்கு ஒரு நாளைக்கு எண்பத்தைந்து ரூபாய் தின்னக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சம்பளத்தைக் கூட்டிக் கேட்க வாய் வரவில்லை, வண்டியை மாற்றினேன்.

வாங்கியது ஆடி மாதம். ஆடியில் யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள், கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள், அதுதான் எனக்குச் சாதகம். வீட்டில் ஒரே சண்டை. கடைசியில் அட்வான்ஸ் ஆடியில் கொடுப்பது, வண்டியை ஆவணி பிறந்து எடுப்பது என்று சமாதானம் ஆனது. 62,000 சொன்ன வண்டி 54,000-க்குப் படிந்தது. கடையின் பெயரும் வண்டிக் கம்பெனியின் பெயரும் வேண்டாம். கடைக்காரரை இன்றைக்கும் டீக்கடையில் பார்க்கிறேன்.

கடையில் இரண்டு வண்டி நின்றது. 2021 மாடல் ஒன்று 38,000 தான். கை அதன் பக்கம்தான் போனது. ஆனால் 2022-இல் ஊர் ஊராகப் பேட்டரி வண்டிகள் தீப்பிடித்த செய்தி நினைவிருந்தது. அதற்குப் பிறகுதான் பேட்டரிச் சோதனை விதிகளை இறுக்கினார்கள். ஏஐஎஸ் 156 என்று பெயர். முதல் கட்டம் 2022 டிசம்பரிலும் அடுத்த கட்டம் 2023 மார்ச் இறுதியிலுமாக நடைமுறைக்கு வந்தது. அதனால் 2023 ஜூனில் தயாரான வண்டியை எடுத்தேன். ஆர்சி புத்தகத்தில் தயாரிப்பு மாதம் இருக்கும். பதிவு செய்த தேதியைப் பார்த்து ஏமாறாதீர்கள், வண்டி ஷோரூமில் ஒரு வருடம் தூங்கியிருக்கலாம்.

முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடையில் பன்னிரண்டு வருடம் இருந்தவர் என் மாமா. பர்மா தேக்குத் தூணை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தே உள்ளே பூச்சி அரித்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். பித்தளைப் பாத்திரத்தைக் கையில் தூக்கினால் போதும், ஒட்டுப் போட்டது தெரிந்துவிடும். அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். வண்டியைச் சுற்றி வந்தார், டயரை அமுக்கினார், சீட்டைத் தூக்கிப் பேட்டரியை ஒரு தட்டு தட்டினார். "இது ஒண்ணும் சொல்ல மாட்டேங்குதே" என்று ஒதுங்கிக்கொண்டார்.

தட்டினால் சொல்லாது, ஓட்டினால் சொல்லும். கடைக்காரர் ஒரு சார்ஜுக்கு 100 கி.மீ. என்றார். "முழு சார்ஜ் போட்டு வையுங்கள், காலையில் நானே ஓட்டிப் பார்க்கிறேன்" என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை, தெருமுனை வரைதான் ஓட்டத் தருவார்களாம். விடவில்லை. அவர் பையனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, குன்றக்குடி வழியாகத் திருப்பத்தூர் போய்த் திரும்பினேன். வழியில் பிள்ளையார்பட்டிக்குத் திரும்பும் இடத்தில் பையன் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டான். மீட்டரில் 44 கி.மீ., செலவான சார்ஜ் 61 சதவீதம். காகிதத்தில் கணக்குப் போட்டால் முழு சார்ஜுக்கு 72 கி.மீ. எனக்குத் தேவை 38. போதும். ஆனால் நூறு என்று சொல்லிக் கேட்ட விலையை எழுபத்திரண்டுக்கு ஏன் கொடுக்க வேண்டும்? எட்டாயிரம் இறங்கியது அந்தக் காகிதத்தைக் காட்டித்தான்.

புதுப் பேட்டரி என்ன விலை என்று கம்பெனியில் கேட்டேன். அறுபதாயிரத்துக்கு மேல் சொன்னார்கள், நான் வண்டிக்கே அவ்வளவு கொடுக்கவில்லை. ஆகவே மற்றதெல்லாம் இரண்டாம் பட்சம்: பெயின்ட் உரசல், சீட் கிழிசல், ஓடிய 19,400 கி.மீ. எதுவும். பேட்டரி வாரண்டி எத்தனை வருடம், அது இரண்டாவது ஓனருக்குச் செல்லுமா என்பதை எழுத்தில் கேளுங்கள். என் வண்டிக்குச் செல்லும் என்றார்கள், ஆனால் கம்பெனிப் பதிவில் பெயர் மாற்றினால்தான். அதைக் கடைக்காரர் சொல்லவேயில்லை.

காகித விஷயத்தில் "எல்லாம் கிளியர்ணே" என்றார். அரசின் எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டுப் பார்த்தால் வண்டி மேல் கடன் அப்படியே நிற்கிறது. முதல் ஓனர் கடனைக் கட்டி முடித்திருக்கிறார், ஆர்சியில் நீக்கவில்லை. ஃபைனான்ஸில் தடையில்லாச் சான்றும் கடனை நீக்கும் ஃபாரம் 35-உம் வாங்கி வர மூன்று வாரம். பெயர் மாற்ற ஃபாரம் 29, 30. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்ற மனுக் கொடுக்க வேண்டும், மறந்தால் விபத்தில் நம் தலையில் விடியும். பில் கேட்டபோது 18 சதவீத ஜிஎஸ்டி கூட வரும் என்று பயமுறுத்தினார். கடைக்காரர் வாங்கிய விலைக்கும் விற்கிற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும்தான் அந்த 18, முழு விலைக்கு இல்லை. அதைச் சொன்னதும் பேச்சை மாற்றிவிட்டார். புகைச் சான்று இந்த வண்டிக்குக் கிடையாது, அந்த வரைக்கும் நிம்மதி.

சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் நின்றது ஆப் விஷயத்தில்தான். வாங்கி ஒரு மாதம் இருக்கும், திருப்பூரிலிருந்து போன். பழைய ஓனர். "அண்ணே, வண்டி தினமும் பத்து மணிக்கு கானாடுகாத்தான்ல ஒரே இடத்துல அரை மணி நேரம் நிக்குது, ஏதும் பிரச்சினையா?" அது டீக்கடை. கம்பெனி ஆப் அவர் போன் நம்பரிலேயே இருந்திருக்கிறது. வண்டி எங்கே போகிறது என்பது மட்டுமில்லை, அங்கிருந்தே பூட்டவும் அவரால் முடியும். நல்ல மனிதர், அன்றைக்கே ஓடிபி சொல்லி என் நம்பருக்கு மாற்றிக் கொடுத்தார். வேறு ஆளாயிருந்தால்? பணம் கொடுக்கும்போதே கடையில் உட்கார்ந்து இதை முடித்துவிடுங்கள்.

சார்ஜரும் வண்டியோடு வந்த ஒரிஜினல் இல்லை. அரை மணி நேரத்தில் அடுப்பு மாதிரி கொதித்தது. திருப்பிக் கொடுத்து வேறு வாங்க இரண்டு முறை அலைந்தேன். வீட்டில் 15 ஆம்பியர் பிளக்கும் தனி எர்த்தும் போட 1,400 ரூபாய். எங்கள் செம்மண் கோடையில் காய்ந்துவிடும், எர்த் குழியில் உப்பும் கரியும் போட்டால் மட்டும் போதாது, வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று எலக்ட்ரீசியன் சொன்னார். ஊற்றுகிறேன். பெரிய வீடுகளின் முகப்பில் நல்ல பிளக் உண்டு, நாள் முழுக்கப் போட்டாலும் கேட்பார் இல்லை. ஆனால் அது அவர்கள் கரண்ட், தொடுவதில்லை.

பேட்டரிப் பக்குவம் சொன்னவர் சிக்ரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். மின்வேதியியலுக்கென்றே ஒரு மத்திய ஆய்வகம் நம் ஊரில் இருக்கிறது, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார், இடமும் பணமும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். அதன் வாசலைத் தினமும் கடந்து போய்க்கொண்டு பேட்டரி பற்றி யூடியூபில் தேடிக்கொண்டிருந்தேன், பாருங்கள். அவர் சொன்னது மூன்று: வெயிலில் ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடாதே, தினமும் நூறு வரை ஏற்றாதே, இருபதுக்குக் கீழே இறக்காதே. நான் எண்பத்தைந்தில் நிறுத்துகிறேன், சுற்றி வந்தால் முப்பது மிஞ்சுகிறது. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஐநூறு ரூபாய் சொச்சம் கூடியது. பெட்ரோல் நாலாயிரத்துக்கு மேல் ஆகிக்கொண்டிருந்தது.

ஓட்டுவதற்கு அருமை. சத்தமே இல்லாததுதான் சிக்கல். செக்காலை ரோட்டில் முன்னால் போகிறவர்கள் ஒதுங்க மாட்டார்கள், ஹாரன் அடித்தே கட்டை விரல் தேய்ந்தது. பச்சை நம்பர் பிளேட்டைப் பார்த்து கவர்மென்ட் வண்டியா என்று கேட்கிறார்கள். பள்ளத்தூரில் பக்கத்து வீட்டு ஆச்சி, "ஏன் அப்பு, பெட்ரோல் தீர்ந்து தள்ளிக்கிட்டே வந்தியா?" என்றார்.

பெரிய குறை சர்வீஸ். பக்கத்து சர்வீஸ் சென்டர் மதுரையில். அது தொண்ணூறு கி.மீ., வண்டி ஓடுவது எழுபத்திரண்டு. கார்த்திகை மழையில் ஒருநாள் டிஸ்பிளேயில் ஏதோ எண் வந்து வண்டி நின்றுவிட்டது. நம் ஊர் மெக்கானிக் பிரேக், டயர், பேரிங் எல்லாம் பார்ப்பார், இதில் கை வைக்க மாட்டேன் என்றார். குட்டியானை பிடித்து மதுரைக்கு ஏற்றி அனுப்பினேன், போக வர 2,800 ரூபாய். அங்கே ஒரு கனெக்டரில் ஈரம், துடைத்து மாட்டியதற்கு 350.

இந்தப் பங்குனியில் மறுபடி அதே திருப்பத்தூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன், பின்னால் பையன் இல்லாமல். 44 கி.மீ.க்கு 60 சதவீதம். கடைக்காரரிடம் சொன்னேன். "நான்தான் சொன்னேனே, நூறு ஓடும்னு" என்றார்.