கொமோடோ படகுப் பயணம்: பணம் அனுப்பும் முன் படகின் பெயரைக் கேளுங்கள்

இந்தோனேசியாவின் கொமோடோ தீவுகளுக்குப் படகிலேயே தங்கிப் போகும் பயணத்தை ஆன்லைனில் பதிவு செய்யும் எண்ணத்தில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களுக்குப் படத்தில் காட்டிய படகு ஒன்று, துறைமுகத்தில் ஏற்றிவிட்ட படகு இன்னொன்று. வெறும் வசதிக் குறைவு என்றால் பொறுத்துக்கொண்டு போயிருப்பேன். ஆனால் என் அக்காவைக் கடல் இழுத்துக்கொண்டு போனபோது, போய்த் தூக்கி வர எங்கள் படகில் ஒரு வழியும் இல்லை.

பாலியில் இருக்கும் ஒரு ஏஜென்ட்டிடம்தான் பதிவு செய்தோம், பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில். இரண்டு பாய்மரம் வைத்த அழகான பினிசி என்ற இந்தோனேசிய மரபுப் படகின் படங்களை அனுப்பினார். ஏசி கேபின், சாப்பாடு, ஸ்நார்க்கல் சாமான், தேசியப் பூங்கா கட்டணம் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 35 லட்சம் இந்தோனேசிய ரூபியா, பாதி முன்பணம் என்றார். பணம் போய்ச் சேர்ந்த பிறகு வந்த ரசீதில் ‘இந்தப் படகு அல்லது இதே தரத்தில் வேறொன்று’ என்று ஒரு வரி இருந்தது. அதுவரை அந்தப் பேச்சே எழவில்லை. எந்தத் தரம், அதை யார் முடிவு செய்வது என்று கேட்டதற்கு, கவலைப்படாதீர்கள் என்ற பதில்தான் வந்தது.

கொமோடோவுக்குப் படகுகள் கிளம்பும் லபுவான் பாஜோ துறைமுகத்தில் காலையில் ஒரு பையன் வந்து எங்களைக் கூட்டிப்போனான். மீதிப் பணத்தை ரொக்கமாக வாங்கிய பிறகுதான் படகைக் காட்டினான். பாய்மரமே கிடையாது, பழைய மரப்படகு. கேபின் என்று சொன்னது கீழ்த்தளத்தில் மெத்தை போட்ட ஓர் இருட்டு அறை. ஏறி இறங்க ஒரே ஏணி, உள்ளே டீசல் புகை. லைஃப் ஜாக்கெட்டுகள் பெஞ்சுக்கு அடியில் சாக்கில் கட்டிக் கிடந்தன. பாதிக்கு மேல் வார் அறுந்தவை. குழந்தை அளவில் ஒன்றுகூட இல்லை. அக்கா மகளுக்குப் பெரியவர்களுடையதை மாட்டிவிட்டால், “மாமா, கையைத் தூக்கினா கழண்டு வருது” என்கிறாள். உண்மைதான், தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மேலே மிதக்கும், குழந்தை கீழே போய்விடும்.

கேப்டனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் வருவதே அவருக்கு முந்தின நாள் இரவுதான் தெரியுமாம். பாலி ஏஜென்ட் லபுவான் பாஜோவில் ஒருவருக்குக் கைமாற்றி, அவர் இன்னொருவருக்குக் கைமாற்றி, கடைசியில் கிடைத்த சொற்பத் தொகைக்கு இவர் படகு ஓட்டுகிறார். நாம் கட்டும் பணம் வழியிலேயே கரைந்துபோனால் படகின் எஞ்சினுக்கும் ஜாக்கெட்டுக்கும் என்ன மிஞ்சும்?

இந்தக் கடல் பார்க்க ஏரி மாதிரி அமைதியாக இருக்கும், ஆனால் அதை நம்பக் கூடாது. பசிபிக் பெருங்கடலின் தண்ணீர் இந்தோனேசியத் தீவுகளின் இடுக்குகள் வழியாக இந்தியப் பெருங்கடலுக்கு வடிகிறது. அதோடு ஓதமும் சேரும்போது கொமோடோ, ரிஞ்சா, படார் தீவுகளுக்கு நடுவே நீரோட்டம் ஆற்று வெள்ளம்போல ஓடும், சுழல்களும் உண்டு. திருக்கை மீன்கள் வரும் மாண்டா பாயின்ட்டில் நாம் நீரோட்டத்தோடு மிதந்து போக, டிங்கி என்ற சின்ன எஞ்சின் படகு பின்னாலேயே வந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். அங்கே அதுதான் வழக்கம்.

எங்கள் டிங்கியின் எஞ்சின் கிளம்பவே இல்லை. அக்கா அதற்குள் தண்ணீரில் இறங்கியிருந்தாள். கயிறை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் தலை சின்னப் புள்ளியாகிவிட்டது. பெரிய படகை எடுக்கலாம் என்றால் நங்கூரம் தூக்கவே நேரமாகும். நாங்கள் கத்தியது கேட்டு, வேறொரு படகின் டிங்கிக்காரர் போய் அவளை ஏற்றிக்கொண்டு வந்தார். அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும். பக்கத்தில் வேறு படகு இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை என்னால் யோசிக்க முடியவில்லை.

அன்று இரவு எல்லோரும் மேல்தளத்திலேயே படுத்தோம். 2019இல் கலிஃபோர்னியாவில் கன்செப்ஷன் என்ற டைவிங் படகு இரவில் தீப்பிடித்து, கீழ்த்தளத்தில் படுத்திருந்த 34 பேரும் இறந்தார்கள். வெளியேற இருந்த இரண்டு வழிகளும் மேலே ஒரே அறைக்குள் போய் முடிந்தன, காவலுக்கு யாரும் விழித்திருக்கவில்லை. எங்கள் அறைக்கு இருந்ததோ ஒரே வழி. இதே கடல்பகுதியில் 2014 ஆகஸ்டில் லொம்போக்கிலிருந்து கொமோடோவுக்குப் பயணிகளோடு வந்த ஒரு படகு மூழ்கியது, அதில் இருந்த சின்ன உயிர்காப்புப் படகில் எல்லோருக்கும் இடமில்லை.

பூங்கா கட்டணத்தையும் அங்கே போய்த் திரும்பக் கட்ட வைத்தார்கள். சேர்த்துத்தான் வாங்கினீர்கள் என்று ஏஜென்ட்டிடம் சொன்னால், அது கேப்டன் பொறுப்பு என்கிறார். கேப்டனோ எனக்கு யாரும் தரவில்லை என்கிறார். அங்கே கட்டியதற்கான ரசீதை வாங்கி வைத்திருக்கிறோம்.

சரி, போகவே கூடாதா என்றால், தாராளமாகப் போங்கள். காலையில் படார் மலை உச்சியிலிருந்து தெரியும் வளைகுடாக்களும், சாயங்காலம் கலோங் தீவிலிருந்து கூட்டம் கூட்டமாகக் கிளம்பும் பழந்தின்னி வௌவால்களும் எவ்வளவு பணத்துக்கும் தகும். ஆனால் முழுப் பணத்தை முன்னாலேயே அனுப்பாதீர்கள். பாலியிலிருந்து லபுவான் பாஜோவுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம் சொச்சம்தான். அங்கே ஓர் இரவு தங்கி, துறைமுகத்துக்கு நடந்து போய், படகில் ஏறிப் பாருங்கள். ஜாக்கெட்டைக் கையில் எடுத்து வாரை இழுத்துப் பாருங்கள். டிங்கியின் எஞ்சினைக் கண்முன்னே கிளப்பிக் காட்டச் சொல்லுங்கள். விஎச்எஃப் ரேடியோ இருக்கிறதா, 16ஆம் சேனலில் பேச முடிகிறதா என்று கேளுங்கள், ஆபத்தில் கூப்பிடும் சேனல் அதுதான். தயங்குகிற படகை விட்டுவிடுங்கள், துறைமுகத்தில் வேறு படகுகள் நிறைய நிற்கின்றன.

முன்கூட்டியே பதிவு செய்தே தீர வேண்டும் என்றால், படகின் பெயரை எழுத்தில் வாங்கி, அந்தப் பெயரை வைத்துப் பழைய பயணிகளின் கருத்துகளைத் தேடுங்கள். ஏஜென்ட்டின் பெயரில் தேடுவதால் பயனில்லை. ‘அல்லது வேறொன்று’ என்ற வரி இருந்தால், படகு மாறினால் முழுப்பணமும் திரும்ப வரும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அலை அதிகமானால் துறைமுக அதிகாரிகள் படகுகளை நிறுத்திவிடுவார்கள். அப்போது பணம் என்னாகும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இந்தோனேசிய வானிலை அமைப்பான பிஎம்கேஜி அலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது, கிளம்பும் முன் அதை நீங்களே பாருங்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் அவர்கள் அளவுக்கான ஜாக்கெட்டைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

நாங்கள் படங்களோடு புகார் எழுதியதும், கருத்தை நீக்கினால் முன்பணத்தில் ஒரு பகுதியைத் தருகிறேன் என்று ஏஜென்ட் செய்தி அனுப்பினார். மறுத்துவிட்டோம். அந்தப் பினிசிப் படகின் படங்களோடு அவருடைய விளம்பரம் இப்போதும் ஓடுகிறது.