ஆறு வருஷப் பிசிஆர் மெஷினும் அதன் மூடியும்

சின்னமனூரில் திசு வளர்ப்பு வாழைக்கன்று போடும் நண்பன் போன வாரம் போனில் கேட்டான்: "மாப்ள, உங்க லேப்ல இருக்கிற அதே பிசிஆர் மெஷின் மாடல் சல்லிசா வருது. வாங்கிப் போடவா?" ஒரு மாதம் முன்னால் கேட்டிருந்தால் யோசிக்காமல் வாங்கு என்றிருப்பேன். இப்போதுதான் ரிப்பேர் முடிந்து மெஷின் திரும்பி வந்திருக்கிறது. அதனால் பதில் கொஞ்சம் நீளம்.

பிசிஆர் மெஷின் என்பது, டிஎன்ஏவில் நாம் தேடும் துண்டு இருந்தால் அதைப் பல மடங்கு பெருக்கித் தரும் கருவி. வாடிப்பட்டி பக்கம் இருக்கும் எங்கள் லேபில் இதற்கு முக்கிய வேலை, தாய்க்கன்றில் முடிக்கொத்து வைரஸ் (வாழை இலைகளை உச்சியில் கொத்தாகக் குறுக வைக்கும் வைரஸ்) இருக்கிறதா என்று பார்ப்பது. நோய் உள்ள ஒரு குருத்து பாட்டிலுக்குள் போய்விட்டால், அதிலிருந்து பெருகுகிற கன்றுகள் பெரும்பாலும் நோயோடுதான் வெளியே வரும். பாட்டிலில் இருக்கும்வரை பல நேரம் பச்சைப்பசேலென்றுதான் இருக்கும், கண்ணுக்கு ஒன்றும் பிடிபடாது. சிறுமலையில் மலைவாழையைக் காலி செய்த நோய் இது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சூடு 94, 55, 72 டிகிரி என்று 35 சுற்று ஏறி இறங்குவதில் மெஷின் ஒரு நாளும் பிசகியதில்லை. முடிக்கொத்து வைரஸ் டிஎன்ஏ வைரஸ் என்பதால் நேரடியாக ரன் போடலாம். பிராக்ட் மொசைக் (வாழைக்கு வரும் இன்னொரு நோய்) போன்ற ஆர்என்ஏ வைரஸ் என்றால் முதலில் அதை சிடிஎன்ஏவாக, அதாவது டிஎன்ஏ நகலாக மாற்ற வேண்டும், அதையும் ட்யூப்கள் உட்காரும் இதே 96 குழி பிளாக்கில்தான் செய்கிறோம். வாழை இலைச் சாறு பழுப்பாகி ரியாக்‌ஷனைக் கெடுக்கிறது என்றால் அது மெஷினின் குற்றமில்லை. டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்துப் போட்டால் பெரும்பாலும் பேண்ட் (பெருகிய டிஎன்ஏ ஜெல்லில் கோடாகத் தெரிவது) வந்துவிடும்.

ஆனால் அந்த மூடி! ட்யூபில் இருக்கும் 20 மைக்ரோலிட்டர் ஆவியாகி மேலே படியாமல் இருக்க, மூடி 105 டிகிரி சூட்டில் ட்யூப் தலைகளை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் மெஷினில் சூட்டுத் தகடு ஒரு பக்கம் தொய்ந்துவிட்டது. திரையில் 105 என்றே காட்டியது. பாசிட்டிவ் கண்ட்ரோலை (வைரஸ் இருப்பது உறுதியான சாம்பிள்) எப்போதும் பிளாக்கின் நடுவில் வைப்போம், அதில் பேண்ட் பளிச்சென்று வந்தது. அதனால் ஓர வரிசையில் ஒன்றுமில்லை என்று வந்ததை எல்லாம் நம்பினோம்.

ஒரு நாள் வாழையின் சொந்த ஆக்டின் ஜீனுக்கு ரன் போட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அது எந்த வாழையிலும் வந்தே தீர வேண்டிய பேண்ட், ஓர வரிசையில் மட்டும் இல்லை. ட்யூபைத் தூக்கிப் பார்த்தால் அடியில் ஒரு துளி, ட்யூப் மூடிக்குள் முத்து முத்தாகத் தண்ணீர். பழைய முடிவுகள் அத்தனையையும் மறுபடி ரன் போட்டோம். ஒன்றில் முடிக்கொத்து பேண்ட் வந்தது. நல்லவேளை, அந்தக் கன்றுகள் விவசாயி கைக்குப் போகவில்லை. அந்தப் பாட்டில்களை எல்லாம் ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலனில்) போட்டு அழித்தோம். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

சர்வீஸ்காரர்கள் வரும்வரை ஒவ்வொரு ட்யூபிலும் ஒரு சொட்டு மினரல் ஆயில் விட்டு ஓட்டினோம். சூட்டு மூடி வருவதற்கு முந்தைய காலத்து வழி, இன்றைக்கும் வேலை செய்கிறது. வந்தவர் "ஓரக் குழியை விட்டுட்டுப் போடுங்க சார்" என்றார். 96 குழிக்குக் காசு கொடுத்தவனிடம் சொல்கிற பேச்சா இது?

இப்போது தகடும் ஸ்பிரிங்கும் புதுசு. பாசிட்டிவ் கண்ட்ரோல் நான்கு மூலையிலும் உட்கார்கிறது, ஆக்டின் இல்லாமல் எந்த முடிவையும் எழுதுவதில்லை. மெஷின் நன்றாகவே ஓடுகிறது. ஆனாலும் மாப்ள, இந்த மாடலை வாங்காதே. மூடி வேறு மாதிரி இருக்கிற மெஷினைப் பார். முன்பணம் கொடுப்பதற்கு முன் 96 குழியிலும் ஒரே சாம்பிளைப் போட்டு, உன் கண் முன்னால் ஜெல் ஓட்டிக் காட்டச் சொல்.